அமானிதமாகக் காக்கப்பட்ட அதிகாரம்: ஜோன் பொஸ்டெலின் வாழ்வும் பணியும்

பதவி என்பது உரிமையா, பொறுப்பா என்ற கேள்வி எமது பொதுவாழ்வில் அடிக்கடி எழுகின்றது. ஒரு திணைக்களத்தின் தலைமைப் பொறுப்பாயினும், ஒரு பிரதேச சபையின் தவிசாளர் ஆசனமாயினும், ஒரு கோயிலினதோ பள்ளிவாசலினதோ நிர்வாகமாயினும் அதனை அடைந்தவர்கள் தமது சொந்த உடைமையாகக் கருதத் தொடங்கும் காட்சியை நாம் அன்றாடம் காண்கின்றோம். இக்கேள்விக்கு மேடைப் பேச்சினாலன்றித் தமது வாழ்வினாலேயே விடை கூறிச் சென்ற ஒருவரைப் பற்றி இங்கு எழுத விழைகின்றோம். அவர் அரசியல்வாதியும் அல்லர். ஆன்மிகத் தலைவரும் அல்லர். பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் தமது வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்த கணினி விஞ்ஞானி. இன்று உலகம் முழுவதும் பயன்படுத்தும் இணையத்தின் முகவரிகளும் இலக்கங்களும் பெயர்களும் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அவருடைய கண்காணிப்பிலேயே இருந்தன. அவர்தான் ஜோன் பொஸ்டெல்.

1943 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 6 ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள அல்ற்றடீனா என்னும் ஊரில் பொஸ்டெல் பிறந்தார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வான் நைஸ் உயர்தரப் பாடசாலையில் கல்வி கற்றார். பின்னாளில் இணையத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர்களாகப் போற்றப்பட்ட விண்டன் சேர்ஃப், ஸ்டீவ் குரொக்கர் ஆகிய இருவரும் அதே பாடசாலையின் மாணவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று 1966 இல் இளமாணிப் பட்டத்தையும், 1968 இல் முதுமாணிப் பட்டத்தையும், 1974 இல் கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டத்தையும் பெற்றார். கணினிகள் தமக்குள் உரையாடுவதற்கான நெறிமுறைகளில் பிழைகள் உள்ளனவா என்பதைக் கணித முறையில் ஆராய்வதே அவரது கலாநிதிப் பட்ட ஆய்வின் பொருளாக அமைந்தது.

அவர் மாணவராக இருந்த காலமும் இடமும் தனித்துவமானவை. பேராசிரியர் லியனார்ட் கிளைன்றொக் தலைமையில் அப்பல்கலைக்கழகத்தில் வலையமைப்பு அளவீட்டு ஆய்வுகூடம் ஒன்று இயங்கி வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகமான ஆர்பா, வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டத்துக்கு நிதி வழங்கியது. 1969 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அத்திட்டத்தின் முதலாவது இணைப்புப் பொறி இந்த ஆய்வுகூடத்திலேயே பொருத்தப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி இரவு அங்கிருந்து ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவகத்துக்கு முதலாவது செய்தி அனுப்பப்பட்டது. முழுச் சொல்லும் சென்று சேரவில்லை. இரண்டு எழுத்துகள் சென்ற அளவில் மறுமுனைக் கணினி செயலிழந்தது. அந்த இரண்டு எழுத்துகளிலிருந்தே இன்றைய இணையம் வளர்ந்தது எனலாம்.

அந்த ஆய்வுகூடத்தின் பட்டப்பின்படிப்பு மாணவர்களே வலையமைப்பின் விதிகளை எழுதும் பணியையும் மேற்கொண்டனர். அதற்கென அதிகாரபூர்வமான சபை எதுவும் அப்போது இருக்கவில்லை. மூத்த அறிஞர்கள் எவரேனும் வந்து தம்மைத் திருத்தக்கூடும் என்ற தயக்கத்துடன், தமது குறிப்புகளுக்குக் கருத்துரை கோரும் ஆவணம் என்ற பணிவான பெயரை அவர்கள் சூட்டினர். ஆர்.எப்.சி. எனச் சுருக்கமாக வழங்கப்படும் அவ்வாவணங்களில் முதலாவதை 1969 ஏப்ரலில் குரொக்கர் எழுதினார். அவற்றைத் தொகுத்து, திருத்தி, இலக்கமிட்டு வெளியிடும் பொறுப்பு விரைவில் பொஸ்டெலின் கைக்கு வந்தது. அவர் இறக்கும் வரையில் அப்பணியைக் கைவிடவில்லை. 2400 க்கும் அதிகமான ஆவணங்கள் அக்காலத்துக்குள் அந்தத் தொடரில் இடம்பெற்றன. அவற்றுள் 200 க்கும் மேற்பட்டவற்றை அவரே தனித்தோ பிறருடன் இணைந்தோ எழுதினார். எவரும் கட்டணமின்றிப் படிக்கவும், அதன்படி தமது கணினியை அமைத்துக்கொள்ளவும் அவை திறந்து வைக்கப்பட்டன. இணையத்தின் வளர்ச்சிக்கு அந்தத் திறந்த தன்மையே அடித்தளமாயிற்று.

1972 ஆம் ஆண்டு மே மாதம் பொஸ்டெல் எழுதிய குறிப்பொன்று மிகவும் சிறியது. வலையமைப்பில் ஒவ்வொரு சேவைக்கும் ஓர் இலக்கம் தேவைப்பட்டது. இருவர் ஒரே இலக்கத்தை வெவ்வேறு தேவைகளுக்குப் பயன்படுத்தினால் குழப்பமே மிஞ்சும். ஆகவே, இலக்கங்களை வழங்கிப் பதிவு செய்ய ஒருவர் வேண்டும் என்று முன்மொழிந்த அவர், அது தாமாக இருக்கலாமோ என்று வேடிக்கையும் தயக்கமும் கலந்து அக்குறிப்பில் வினவியிருந்தார். எவரும் மறுக்கவில்லை. ஒரு குறிப்பேட்டுத் தாளில் அடங்கக்கூடிய பட்டியலாக அன்று தொடங்கிய இப்பணி, பிற்காலத்தில் ஐயானா என அழைக்கப்பட்ட உலகளாவிய இலக்க ஒதுக்கீட்டு அதிகாரசபையாக வளர்ந்தது. மின்னஞ்சலுக்கு 25, ஆள்களப் பெயர்களுக்கு 53, வலைத்தளங்களுக்கு 80 என்றவாறு உலகின் ஒவ்வொரு கணினியும் இன்றும் கைக்கொள்ளும் இலக்கங்கள் அந்தப் பதிவேட்டைச் சேர்ந்தவையே. அதிகாரசபை என்ற பெயர் பெரிதாயினும், நீண்டகாலம் அது பொஸ்டெலையும் ஜொய்ஸ் ரெனோல்ட்ஸ் போன்ற ஒரு சில உடன்பணியாளர்களையும் மட்டுமே கொண்டிருந்தது.

சிறிது காலம் வேறு நிறுவனங்களிலும், ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவகத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் புகழ்பெற்ற ஆய்வுப் பிரிவிலும் பணியாற்றிய பின்னர், 1977 ஆம் ஆண்டு பொஸ்டெல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவகத்தில் இணைந்தார். லொஸ் ஏஞ்சல்ஸை அடுத்த மரீனா டெல் ரே என்னும் கடற்கரைப் பகுதியில் அமைந்த அந்த ஆய்வு நிறுவகமே இறுதிவரை அவரது பணியிடமாயிற்று. நீண்ட தாடியும் சாதாரண உடையும் காலணிக்குப் பதிலாகச் செருப்பும் அவரது அடையாளங்கள். ஓய்வு கிடைக்கும்போது சியரா நெவாடா மலைத்தொடரில் நடைபயணம் மேற்கொள்வதில் அவருக்குப் பெருவிருப்பு இருந்தது.

அங்கு அவர் ஆற்றிய தொழில்நுட்பப் பணி தனியாக நோக்கத்தக்கது. வலையமைப்புகளை இணைக்கும் நெறிமுறை அப்போது ஒரே தொகுதியாக வடிவமைக்கப்பட்டு வந்தது. தரவுப் பொதியை ஊரூராகக் கொண்டுசெல்லும் வேலையும், அது முழுமையாகவும் ஒழுங்காகவும் சென்றடைந்ததா எனச் சரிபார்க்கும் வேலையும் அதனுள் கலந்திருந்தன. இவ்விரண்டையும் பிரிக்காவிடின் வடிவமைப்பே பழுதாகிவிடும் என 1977 ஓகஸ்டில் அவர் ஒரு குறிப்பில் வலியுறுத்தினார். தபாற்காரர் கடிதத்தைக் கொண்டுசெல்வதோடு நிற்கவேண்டும். கடிதம் கிடைத்ததா என்பதை அனுப்பியவரும் பெற்றவரும் தமக்குள் உறுதி செய்துகொள்ளவேண்டும் என்பதே அக்கருத்தின் சாரம். அடுத்த ஆண்டில் அப்பிரிவினை ஏற்றுக்கொள்ளப்பட்டது. இடையிலுள்ள வலையமைப்பு எளிமையாக இருந்தமையாலேயே தொலைபேசிக் கம்பி, செய்மதி, கண்ணாடி இழை, கையடக்கத் தொலைபேசி அலை என எந்த ஊடகத்தின் மீதும் இணையம் பயணிக்க முடிந்தது.

1981 செப்டெம்பரில் அந்நெறிமுறைகளின் நிலையான வடிவம் பொஸ்டெலைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. 1982 ஓகஸ்டில் மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான நெறிமுறையை அவர் எழுதினார். 1983 ஜனவரி 1 ஆம் திகதி ஆர்பா வலையமைப்பு முழுவதும் புதிய நெறிமுறைக்கு மாறியபோது, அம்மாற்றத்துக்கான திட்டத்தை வகுத்தவரும் அவரே. அதே நிறுவகத்தில் பணியாற்றிய போல் மொக்காபெட்ரிஸிடம் கணினிகளின் பெயர்களை ஒழுங்கமைக்கும் பிரச்சினையை அவர் ஒப்படைத்தார். 1983 இல் ஆள்களப் பெயர் முறைமை அதன் பயனாகப் பிறந்தது. ஓர் ஆய்வுகூடம் எவ்வாறு இயங்கவேண்டும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டாகும். உடனடி இலாபம் எவராலும் எதிர்பார்க்கப்படவில்லை. முடிவுகள் மறைக்கப்படவும் இல்லை.

ஆயினும், அந்த ஆய்வுகூடங்களின் உலகம் ஒருவரையொருவர் அறிந்தோரின் உலகமாகவே இருந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அவர்கள் எழுதிய மின்னஞ்சல் நெறிமுறையில், அனுப்புபவர் தாம் கூறிக்கொள்ளும் ஆள்தானா எனச் சரிபார்க்கும் ஏற்பாடு இருக்கவில்லை. ஆள்களப் பெயர் முறைமையில், கிடைக்கும் பதில் உண்மையானதா எனச் சோதிக்கும் வழியும் இருக்கவில்லை. இன்று எமது மின்னஞ்சல் பெட்டிகளை நிறைக்கும் மோசடிக் கடிதங்களுக்கும், போலி வங்கித் தளங்களுக்கு மக்களை இட்டுச்செல்லும் சூழ்ச்சிகள் பலவற்றுக்கும் அந்த நம்பிக்கையே வாயிலாயிற்று. பொஸ்டெல் இந்த ஆபத்தை முற்றாக உணராதவரும் அல்லர். 1975 நவம்பரிலேயே, வேண்டாத அஞ்சல்களை அனுப்பும் கணினியொன்றைத் தடுக்கும் வழி வலையமைப்பில் இல்லையே எனச் சுட்டிக்காட்டி ஒரு சிறு குறிப்பை அவர் எழுதியிருந்தார். தாம் அனுப்புவதில் கண்டிப்பும், பிறரிடமிருந்து பெறுவதில் தாராளமும் வேண்டும் என்ற கோட்பாட்டையும் அவர் வகுத்தார். வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் ஒன்றோடொன்று ஒத்திசைந்து இயங்க அது பேருதவி புரிந்தது. பிழையான தரவுகளையும் பொறுத்து ஏற்கும் தாராளம் காலப்போக்கில் பாதுகாப்பின்மைக்கும் இடமளித்துவிடும் எனப் பிற்கால ஆய்வாளர்கள் அக்கோட்பாட்டை விமர்சித்துள்ளனர். அவ்விமர்சனத்தில் நியாயம் உண்டு.

இனி, எம்போன்ற சிறிய நாடுகளுக்கும் சிறுபான்மை மக்களுக்கும் நேரடியாக உரிய விடயத்துக்கு வருவோம். ஆள்களப் பெயர்களில் நாடுகளுக்குத் தனி இடம் ஒதுக்கவேண்டிய நிலை வந்தபோது, எது நாடு, எது நாடல்ல என்ற சிக்கலான கேள்வி எழுந்தது. உலகின் குருதி சிந்திய போர்களில் பல இக்கேள்வியைச் சுற்றியே நடந்துள்ளன. பொஸ்டெல் அதனைத் தீர்மானிக்க மறுத்தார். சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு பராமரித்து வந்த ஈரெழுத்துக் குறியீட்டுப் பட்டியலை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். பட்டியலில் உள்ள பெயருக்கு இடமுண்டு. பட்டியலில் எதைச் சேர்ப்பது என்பது தமது வேலையல்ல என்பதே அவரது நிலைப்பாடு. 1994 மார்ச்சில் வெளியிட்ட ஆவணத்தில் இதனை அவர் தெளிவாக எழுதிவைத்தார்.

இந்த விதியின் விளைவுகள் கவனத்துக்குரியவை. இலங்கைக்குரிய எல்.கே. என்னும் குறியீடு 1990 இல் ஒப்படைக்கப்பட்டது. போரினால் நாடு சிதைந்திருந்த அக்காலத்தில் எமது நாட்டுக்கு ஓர் இணைய முகவரி கிடைப்பதற்கு எந்த வல்லரசின் தயவும் தேவைப்படவில்லை. இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோருக்கு 1997 இல் தனி ஆள்களம் கிடைத்தது. அதன் பெயர் அப்பட்டியலில் ஏற்கனவே இருந்தமையே காரணம். பலஸ்தீனத்தின் குறியீடு 1999 இல் பட்டியலில் சேர்க்கப்பட்டதும், பொஸ்டெல் மறைந்த பின்னரும், அவர் வகுத்த அதே விதியின்படி 2000 ஆம் ஆண்டில் பலஸ்தீனத்துக்கு அதற்குரிய ஆள்களம் ஒப்படைக்கப்பட்டது. அரசியல் அரங்கில் பல தசாப்தங்களாக மறுக்கப்பட்டுவரும் ஓர் அங்கீகாரம், ஓர் ஆய்வாளரின் நடுநிலையான விதியினால் இணையத்தில் சாத்தியமாயிற்று. பட்டியலில் பெயரில்லாத மக்களுக்கு இவ்விதி எதனையும் வழங்கவில்லை என்பதும் உண்மையே. தீர்ப்பளிக்க மறுப்பவர், வேறோர் இடத்தில் வழங்கப்பட்ட தீர்ப்பை ஏற்றுக்கொள்பவராகவும் ஆகின்றார். எனினும், தமது விருப்பு வெறுப்பை அதில் கலக்காமையே அவரது பெருமையாகும்.

அதே ஆவணத்தில் இன்னொரு கருத்தும் இருந்தது. நாட்டுக் குறியீட்டை நிர்வகிப்பவர் அதன் உரிமையாளர் அல்லர். அந்நாட்டு மக்களின் சார்பிலும் உலக இணையச் சமூகத்தின் சார்பிலும் அதனைக் காக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் மட்டுமே. உரிமை பற்றியும் உடைமை பற்றியும் பேசுவது பொருத்தமன்று. சேவையும் கடமையுமே கருதப்படவேண்டியவை என்பது அதன் சாரம். முஸ்லிம் மக்கள் அமானிதம் எனக் கூறுவதும், சைவ மரபில் தர்மகர்த்தா என்ற சொல் உணர்த்துவதும் இதனையே. பிறருக்குரியதை நாம் காத்து வைத்திருக்கிறோம். கேட்கும்போது குறைவின்றி ஒப்படைக்கவேண்டும் என்ற உணர்வே அது.

1990 களின் நடுப்பகுதியில் இணையம் வணிக உலகின் கைக்குச் சென்றது. 1995 செப்டெம்பரில் ஆள்களப் பெயர்ப் பதிவுக்கு, இரண்டாண்டுகளுக்கு 100 டொலர் கட்டணம் அறவிடத் தொடங்கிற்று அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தைப் பெற்றிருந்த தனியார் நிறுவனமான நெட்வேர்க் சொலூஷன்ஸ். அதுவரை இலவசமாக இருந்த பெயர்கள் பெரும் பணம் ஈட்டும் சரக்காயின. அந்நிறுவனத்தின் ஏகபோகத்தை உடைக்கவேண்டும் எனக் கருதிய பொஸ்டெல், புதிய ஆள்களங்களை உருவாக்கும் முயற்சியில் ஈடுபட்டார். 1997 இல் ஜெனீவாவில் இதற்கென உடன்படிக்கையொன்றும் கைச்சாத்திடப்பட்டது. அமெரிக்க அரசாங்கமோ கட்டுப்பாடு தன் கையை விட்டுச் செல்வதை விரும்பவில்லை.

இந்தச் சூழலிலேயே 1998 ஜனவரி 28 ஆம் திகதி அவரது வாழ்வின் மிகவும் சர்ச்சைக்குரிய நிகழ்வு இடம்பெற்றது. உலகின் ஆள்களப் பெயர்களுக்கு மூலமாக விளங்கும் பட்டியலை, நெட்வேர்க் சொலூஷன்ஸின் தலைமைச் சேவையகத்திலிருந்து ஏனைய 12 மூலச் சேவையகங்கள் பிரதிசெய்து வந்தன. அவற்றுள் எட்டின் பொறுப்பாளர்களுக்குப் பொஸ்டெல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இனிமேல் அப்பட்டியலைத் தமது கணினியிலிருந்து பெற்றுக்கொள்ளுமாறு அதில் கேட்டிருந்தார். எட்டுப் பேரும் அவ்வாறே செய்தனர். அவர்களைப் பணிக்கச் சட்டபூர்வமான ஆணை எதுவும் அவரிடம் இருக்கவில்லை. அவர்மீது கொண்ட நம்பிக்கை ஒன்றே போதுமானதாயிற்று. உலகின் எந்தப் பயனாளரும் வித்தியாசம் எதனையும் உணரவில்லை. ஆயினும், வெள்ளை மாளிகை அதிர்ந்தது. ஜனாதிபதி கிளின்டனின் ஆலோசகரான ஐரா மகசினர் தலையிட்டார். அது ஒரு பரீட்சார்த்த நடவடிக்கையே எனக் கூறிய பொஸ்டெல், சில நாட்களில் பழைய நிலையை மீட்டளித்தார்.

அவர் உண்மையில் பரிசோதனைதான் செய்தாரா, அன்றி இணையம் யாருக்குச் சொந்தம் என்பதை அமெரிக்க அரசுக்கு உணர்த்த முற்பட்டாரா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. எமக்குத் தோன்றுவது வேறு. இணையத்தை இரண்டாகப் பிளக்கும் ஆற்றல் அந்த நாட்களில் அவர் கையில் இருந்தது. அவர் பிளக்கவில்லை. கையில் வந்ததை அவர் மீள ஒப்படைத்தார். அதேவேளை, உலகம் முழுவதற்கும் பொதுவான ஒன்று ஒரு தனிமனிதரின் மின்னஞ்சலால் இடம்மாறக்கூடியதாக இருந்தமை அச்சந்தரும் உண்மையுமாகும். அவர் நல்லவராக இருந்தார் என்பது அவரது சிறப்பு. அவர் நல்லவராக இருப்பதில் மட்டுமே எல்லாம் தங்கியிருந்தது என்பது அந்த ஏற்பாட்டின் குறை.

இக்குறையைப் பொஸ்டெலும் அறிந்திருந்தார். தாம் தனித்துச் சுமந்த பொறுப்பை நிலையான நிறுவனமொன்றிடம் கையளிக்கும் முயற்சியிலேயே தமது இறுதி மாதங்களை அவர் செலவிட்டார். ஐகான் என்னும் அந்த இலாபநோக்கற்ற நிறுவனம் 1998 செப்டெம்பர் 30 ஆம் திகதி கலிபோர்னியாவில் பதிவு செய்யப்பட்டது. ஒக்டோபர் முற்பகுதியில் அமெரிக்க காங்கிரஸின் குழு முன் தோன்றி அதுபற்றி அவர் சாட்சியமளித்தார். இதய வால்வு சத்திரசிகிச்சைக்குப் பின்னர் ஏற்பட்ட சிக்கல்களால் ஒக்டோபர் 16 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. தாம் நட்ட கன்று வேரூன்றுவதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

அதன் பின்னர் நிகழ்ந்தவை அவரது வாழ்வின் பொருளைத் தெளிவாக்குகின்றன. 2010 யூலையில் ஆள்களப் பெயர் முறைமையின் மூலப் பட்டியலுக்கு மறைக்குறியீட்டுக் கையொப்பம் இடும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அதற்கான திறவுகோல், பல நாடுகளையும் சேர்ந்த சமூகப் பிரதிநிதிகள் சாட்சிகளாக இருக்க, ஒளிப்பதிவு செய்யப்பட்டு, குறித்த சடங்குமுறைப்படியே பயன்படுத்தப்படுகின்றது. ஒருவரின் நேர்மை மட்டும் செய்து வந்ததை, ஒருவரையும் முழுமையாக நம்பத் தேவையில்லாத ஓர் ஒழுங்குமுறை இன்று செய்கின்றது. 2016 ஒக்டோபர் 1 ஆம் திகதி, ஐயானா பணிகள் மீதான அமெரிக்க அரசின் ஒப்பந்த மேற்பார்வையும் முடிவுக்கு வந்தது. 1998 இல் எழுந்த பிணக்கு அடங்க 18 ஆண்டுகள் பிடித்தன.

எமது மொழிக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. 2010 இல் இலங்கை என்ற பெயர் தமிழ் எழுத்துகளிலேயே உயர்மட்ட ஆள்களமாக, சிங்கள எழுத்துகளிலான ஆள்களத்துடன் சமகாலத்தில், நடைமுறைக்கு வந்தது. ஆங்கில எழுத்துகளையே அறிந்திருந்த ஒரு முறைமையில் இரு தேசிய மொழிகளுக்கும் சமமான இடம் கிடைத்தமை சிறிய விடயமன்று. இலங்கையின் இணைய வரலாறும் பல்கலைக்கழகத்திலிருந்தே தொடங்கியது என்பதை இங்கு நினைவுகூரவேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கல்வியாளர்களின் முயற்சியே 1990 இல் எமது கல்விசார் மின்னஞ்சல் வலையமைப்புக்கு வித்திட்டது.

பொஸ்டெலின் வாழ்விலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் இரண்டு பக்கங்களைக் கொண்டது. பொதுப்பொறுப்பை ஏற்பவர் அதனை அமானிதமாகக் கருதவேண்டும் என்பது ஒரு பக்கம். அவ்வாறு கருதாத ஒருவர் வந்தாலும் மக்களுக்குத் தீங்கு நேராதவாறு அப்பொறுப்பைச் சுற்றி விதிகளும் சாட்சிகளும் கணக்குக் காட்டும் கடமையும் அமைக்கப்படவேண்டும் என்பது மறுபக்கம். எமது சபைகளும் சங்கங்களும் நம்பிக்கைப் பொறுப்புகளும் நல்ல மனிதர்களை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருந்து ஏமாந்த அனுபவம் நீண்டது. தமக்குப் பின்னர் யார் வருவார் என்று எண்ணி, தாம் இருக்கும்போதே தமது அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்க முன்வரும் தலைவர்களே எமக்கு இன்று தேவை. அத்தகையோரைத் தேடிக் கண்டடைவதும், அவர்களது பணிக்கு நிலையான வடிவம் கொடுப்பதும் எமது சமூகங்களின் கடமையாகும்.